பதினாலாம் நம்பர் பெட்டி

அந்த ஃபோனில் நான் சொன்னேனா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது.

சமையலறை ஞாபகம் இருக்கிறது. ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். "எங்க ஸ்கூல் ஃப்ரிட்ஜ் ஒண்ணு உன்கிட்ட வருதுடா" என்று தம்பியிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவன் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. ஆனால், "அதுல காஸ் இல்ல, நான் குத்திட்டேன்" என்று சொன்னேனா?

சொன்ன மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அதே வார்த்தைகளை ஆசிரியர் அறையில் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஒரே விஷயத்தை இத்தனை பேரிடம் சொன்ன பிறகு, சொல்லாதவரிடமும் சொன்னதாக மனசு ஒரு காட்சியைத் தயார் செய்து வைத்துக்கொள்கிறது. அதில் உருளைக்கிழங்கு வாசனைகூட இருக்கிறது.

"நீ சொல்லவே இல்லக்கா" என்கிறான் தம்பி. என்னிடம் அவன் பொய் சொன்னதில்லை.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தம்பியின் கூடம் தெரியும். இன்று புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வரி. அது பழைய ஃப்ரிட்ஜுகளைப் பிரிக்கிற இடம். கம்ப்ரசர் ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம், இரும்பு, பிளாஸ்டிக் என்று பிரித்து அந்தந்தத் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். எதைத் தொடுவதற்கும் முன்னால் உள்ளே இருக்கிற காஸை ஒரு மெஷினால் உறிஞ்சி சிலிண்டரில் அடைக்க வேண்டும். காற்றில் விட்டால் அது வானத்தைச் சுட வைக்கும். அதற்காகத்தான் லைசென்ஸ், அதற்காகத்தான் ரிஜிஸ்டர். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு தகடு ஒட்டியிருக்கும், இத்தனை கிராம் காஸ் என்று. தகட்டில் இருப்பது ஒரு கட்டத்தில், உறிஞ்சி எடுத்தது அடுத்த கட்டத்தில். வரிக்கு வரி கையெழுத்து. கையெழுத்துப் போடுவது தம்பியின் மனைவி.

நான் அங்கே பார்த்ததைப் போன வாரம் இந்தத் தொடரில் சொல்லியிருந்தேன். மெஷின் தார்ப்பாய்க்குள் இருந்தது. தார்ப்பாய் மேல் பெயர் எழுதலாம் போல் தூசி.

"பம்பு போயி எட்டு மாசம் ஆச்சுக்கா" என்றான் தம்பி. "கம்பெனியில கேட்டா அந்த மாடலே இப்ப இல்லங்கறான்."

"அப்ப காஸு?"

"காலையில ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி நான் வந்துருவேன். கட்டிங் பிளேயரால டியூப நறுக்கினா உஸ்ஸுனு ரெண்டு நிமிஷம். அவ்வளவுதான்."

"ரிஜிஸ்டர்?"

"அவ எழுதிக்குவா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கம். "உன் தம்பி பேசியே கெடுத்துக்குவான், நீ பேசாமலே கெடுத்துக்குவ" என்பார் வீட்டுக்காரர்.

லைசென்ஸ் புதுப்பிக்க ஆய்வாளர் வரப்போகிற நேரம் அது. யோசனை தம்பியுடையது. "அவர் வர்ற அன்னிக்கே உன் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாக்கா. நாப்பது பிள்ளைங்க நடுவுல அவர் என்னத்தத் தோண்டப் போறாரு? டீயக் குடிச்சிட்டு கையெழுத்தப் போட்டுட்டுக் கிளம்பிடுவாரு."

எனக்கும் அது வசதியாக இருந்தது. அந்த மாதம் எட்டாம் வகுப்புக்கு சுழற்சிப் பொருளாதாரம் பாடம். பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் என் பட்டப்பெயர் வட்டம் டீச்சர். வருஷா வருஷம் இந்தப் பாடத்துக்கு நூலில் சாக்பீஸைக் கட்டிக் கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் போடுவேன். மண், தொழிற்சாலை, கடை, வீடு, பிரிக்கும் கூடம், மறுபடி தொழிற்சாலை. பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். "உள்ள எவ்வளவு போச்சோ அவ்வளவும் எங்கயாவது இருக்கணும். 'போயிடுச்சு'ன்னு எழுதாதீங்க. எங்க போச்சுன்னு எழுதுங்க."

இந்த வருஷம் உதாரணத்துக்கு எங்கள் ஆசிரியர் அறை ஃப்ரிட்ஜையே எடுத்துக்கொண்டேன். அதன் ஃப்ரீசர் அறையில் ஐஸ் மலை மாதிரி கட்டியிருந்தது. பொறுமை இல்லாமல் பழம் வெட்டுகிற கத்தியால் குத்தினேன். உஸ் என்று ஒரு சத்தம். பதினோரு வருஷம் ஓடிய பெட்டியின் ஆயுள் என் கையில் முடிந்தது. "நூத்திருபது கிராம் காஸு, ஆசிரியர் அறை ஜன்னல் வழியா வெளிய போயிடுச்சு" என்று சொன்னபோது வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அது "டீச்சர் குத்துன ஃப்ரிட்ஜ்".

பள்ளி அதைக் கழித்துக்கட்டியது. தம்பியின் கூடத்துக்குப் போனது. அங்கே அதற்குப் பதினாலாம் நம்பர் கொடுத்தார்கள்.

*

பத்து மணிக்கு பஸ் கூடத்து வாசலில் நின்றது. தம்பி இஸ்திரி போட்ட சட்டையில், பையில் இரண்டு பேனாவோடு நின்றுகொண்டிருந்தான்.

"வாங்க விஞ்ஞானிகளா. செருப்பு யாரும் கழட்ட வேண்டாம். கீழ ஆணி கிடக்கும்."

பழுது பார்த்த ஒரு ஃப்ரிட்ஜில் தம்பி மனைவி நாற்பத்தைந்து ஜூஸ் பாக்கெட் குளிரவைத்திருந்தாள். ஆளுக்கு ஒன்று கொடுத்தாள்.

"அங்கிள், இந்த ஜூஸ் பாக்கெட்டோட ஆயுள் எவ்வளவு?" ஒருவன் பரீட்சை அட்டையில் இருந்த தாளில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டான்.

"கடையில ஆறு மாசம். உன் கைக்கு வந்துட்டா ரெண்டு நிமிஷம்."

தம்பிக்குப் பேச வரும். ஒரு கம்ப்ரசரை அறுத்துத் திறந்து, உள்ளே இருக்கிற செம்புச் சுருளை விரலால் இழுத்துக் காட்டினான். "இது அடுத்த வருஷம் யார் வீட்டு ஃபேன்லயோ சுத்தும்." காய்கறி வைக்கிற பிளாஸ்டிக் தட்டுகள் அரவைக்குள் போய்ப் பொடியாகக் கொட்டின. "இது நாற்காலி ஆகும். உங்க ஸ்கூலுக்கே வந்தாலும் வரும். அப்ப மேல உக்காந்து இத நினைச்சுக்குங்க." பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதினார்கள். அவன் நெற்றியில் வியர்வை. அந்த அரைமணி நேரம் அவன் சொன்னதெல்லாம் உண்மை. இந்த வேலையை அவன் எவ்வளவு விரும்புகிறான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

காஸ் மெஷினை அவன் துடைத்து, புதுசாகப் பச்சை வர்ணம் அடித்திருந்தான். "இது காஸ் உறிஞ்சுற மெஷின்" என்று நடந்துகொண்டே ஒரு வரியில் தாண்டிப் போனான்.

முற்றத்தில் பையன்கள் பதினாலாம் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கதவு இல்லாமல், கம்ப்ரசர் கழற்றப்பட்டு, மல்லாந்து கிடந்தது. எங்கள் பள்ளி முத்திரை பக்கவாட்டில் அப்படியே இருந்தது.

"டேய், டீச்சர் குத்துன ஓட்டை."

ஐஸ் அறைத் தகட்டில் கத்தி இறங்கிய இடம். ஒருவன் பென்சில் முனையை உள்ளே விட்டுப் பார்த்தான். இன்னொருவன் வாயால் உஸ் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"என்ன ஓட்டை?" என்று தம்பியும் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

அப்போது அவன் முகத்தை நான் பார்த்தேன். ஏற்கெனவே தெரிந்தவன் முகமா, அந்த நிமிஷம் தெரிந்துகொண்டவன் முகமா? எத்தனையோ தடவை அந்த முகத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி தெரிகிறது.

*

ஆய்வாளர் பதினொன்றரைக்கு ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். இறங்கும்போதே ஒரு காலை மடக்க முடியாமல் நீட்டி இறக்கினார். பிள்ளைகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே. என் சர்வீஸ்ல இந்த மாதிரி இடத்துக்குப் பிள்ளைங்க வந்து நான் பாத்ததே இல்ல."

"அக்காதான் சார் ஏற்பாடு" என்றான் தம்பி.

டீ வந்தது. பிஸ்கட் வந்தது. தம்பி மனைவி ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துத் திறந்தாள். ஆய்வாளர் பேனாவை எடுத்தார். தம்பி என்னைப் பார்த்துக் கண்ணால் லேசாகச் சிரித்தான். அவ்வளவுதான், முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

"பிள்ளைங்களும் பாக்கட்டுமே" என்றார் ஆய்வாளர். "ஒரு இடத்துல கணக்கு எப்படி வைக்கறாங்கன்னு தெரிய வேணாமா. அஞ்சஞ்சு பேரா வாங்க."

பிள்ளைகளுக்குச் சந்தோஷம். நான் கொடுத்த தாளிலேயே ஒரு கட்டம் இருந்தது: உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு. அதை நிரப்ப அவர்களுக்கு வேறு எங்கேயும் எண் கிடைத்திருக்கவில்லை.

நானும் அவர்கள் தலைக்கு மேலாக ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அச்சடித்த மாதிரி கையெழுத்து. நூத்திருபது, நூத்திருபது. நூத்தி நாற்பது, நூத்தி நாற்பது. தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தஞ்சு. தகட்டில் இருந்ததை அப்படியே அடுத்த கட்டத்திலும் எழுதியிருந்தாள். எந்தப் பழைய பெட்டியிலும் முழு காஸ் இருக்காது, கொஞ்சமாவது கசிந்திருக்கும் என்பதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது ஐந்து பேரில் தராசு இருந்தாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வைத்தது எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். எதை எடை போட்டாலும் முதல் தடவை வருகிற எண்ணை நம்ப மாட்டாள். தட்டைத் துடைத்து மறுபடி போடுவாள். மூன்றாவது தடவையும் போடுவாள். "இந்தப் பொண்ணு ஒருத்தியால மத்தியானச் சாப்பாடு மூணு மணிக்குப் போவுது" என்று அவர் புலம்புவார். மெல்லிய குரல். ஆனால் விட மாட்டாள்.

அவள் எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். விரலை வரியின் மேல் வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை.

"டீச்சர்."

"என்னம்மா."

"பதினாலு நம்ம ஃப்ரிட்ஜ்தானே?"

"அப்புறம் பாக்கலாம். அடுத்தவங்களுக்கு இடம் விடு."

"வெளிய நூத்திருபதுன்னு போட்டிருக்கு டீச்சர்."

"அப்புறம்மா."

"இல்ல டீச்சர், அது ஸ்கூல்லயே போயிடுச்சுன்னு சொன்னீங்க. போயிடுச்சுன்னு எழுதாதீங்க, எங்க போச்சுன்னு எழுதுங்கன்னும் சொன்னீங்க." அவள் தன் தாளைக் காட்டினாள். "நான் எதை எழுதட்டும்? ஜன்னலா, சிலிண்டரா?"

ஆய்வாளர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்தப் பெட்டி பாப்பா?"

அவள் பதில் சொல்வதற்குள் பையன்கள் முந்திக்கொண்டார்கள். "வாங்க சார், நாங்க காட்டறோம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அவ்வளவு பெருமை அவர்களுக்கு. நானும் பின்னால் நடந்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. நடந்த அந்த இருபது அடியில் தேடிக்கொண்டேதான் போனேன்.

அவர் வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு குனிந்தார். பேனாவின் முனையை ஓட்டைக்குள் விட்டார். அது உள்ளே போனது.

"டீச்சர், நீங்க குத்துனதா?"

"ஆமா."

"காஸு போயிடுச்சா?"

தம்பி சட்டென்று உள்ளே புகுந்தான். "அக்கா, அதுக்கப்புறம் ரிப்பேர் பண்ணி காஸ் ஏத்துனீங்கல்ல? ஏத்தி ஓடிக்கிட்டு இருந்தப்பதானே வேற ஏதோ கோளாறுன்னு தூக்கிப் போட்டீங்க?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். குரல் மட்டும் சிரிக்கவில்லை. சின்ன வயசில் மரத்தின் மேல் ஏறி இறங்கத் தெரியாமல் நின்றபோது என்னைக் கூப்பிட்ட குரல் அது.

ஓட்டையை அடைக்காமல் காஸ் ஏற்ற முடியாது. அது ஆய்வாளருக்கும் தெரியும். ஆனாலும் நான் "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் எழுதிக்கொண்டு போய்விடுவார் என்று தோன்றியது. அவர் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். "இல்லை" என்றால், ரிஜிஸ்டரில் பொய் எழுதினதாக வழக்கு. எழுதியவள் மேசைக்குப் பக்கத்தில் நின்று பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் கையெழுத்துதான் எட்டு மாசமாக வரிக்கு வரி இருக்கிறது.

ஆமா என்றால் நாற்பது பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அரவை மெஷினை யாரோ நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு முற்றத்தில் ஜூஸ் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. நான் வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அரை நிமிஷமாகக்கூட இருக்கலாம். அரை நிமிஷம் ரொம்பப் பெரிய நேரம்.

"சார், நான் தப்பா எழுதிட்டேன்."

தராசு.

"டீச்சர் சொன்னது வேற ஃப்ரிட்ஜ் சார். நான்தான் குழப்பிக்கிட்டேன்."

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. காது வரைக்கும் சிவந்துவிட்டது. பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்து, அட்டையை முழங்காலில் வைத்து, அந்தக் கட்டத்தை அழித்தாள். எல்லாவற்றையும் போல அதையும் மூன்று தடவை செய்தாள்.

"ஏய், அது..." என்று ஒரு பையன் ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் காலை மிதித்தான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. மூன்று வாரம் பாடம் நடத்தி எனக்கு இவ்வளவு சீக்கிரம் எதையும் புரியவைக்க முடிந்ததில்லை.

ஆய்வாளர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க பிள்ளைங்க நல்லா கத்துக்கறாங்க டீச்சர்" என்றார்.

குத்தலாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இதிலும் எனக்கு நிச்சயம் இல்லை.

*

பிறகு நடந்தது சீக்கிரம் முடிந்துவிட்டது. அவர் நேராகப் பச்சை மெஷினிடம் போனார்.

"ஓட்டிக் காட்டுப்பா."

தம்பி நின்றான். சுவிட்சைக்கூடத் தொடவில்லை.

"பம்பு போயிடுச்சு சார்" என்றாள் அவன் மனைவி. "எட்டு மாசம் ஆச்சு. புதுசுதான் வாங்கணும்னு கம்பெனியில சொல்றாங்க. ரிப்பேர் பண்ண உள்ள இருக்கறது எதுவும் இப்ப வர்றதில்லையாம்."

ஜூஸ் பாக்கெட்டைப் பற்றிக் கேட்ட அதே பையன் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அப்ப இந்த மெஷினோட ஆயுள் எத்தனை வருஷம் அங்கிள்?"

ஆய்வாளர் மெஷினுக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "ஆறு வருஷம். எழுதிக்கோ" என்றார்.

மேசைக்குத் திரும்பினார். ரிஜிஸ்டரை மூடித் தம்பி மனைவி பக்கம் தள்ளினார்.

"இத நான் பாக்கல. உள்ள வைம்மா. மெஷின மட்டும்தான் பாத்தேன். மெஷின் ஓடல. அத மட்டும் எழுதுறேன்."

"சார், லைசென்ஸ் இல்லன்னா மூடணும் சார்" என்றான் தம்பி. "மூடிட்டா இந்தப் பெட்டியெல்லாம்..."

"தெரியும்பா. வாய்க்கா ஓரத்துல லைசென்ஸ் இல்லாதவன் கோடாலி வச்சுப் பொளப்பான். எனக்குத் தெரியாதா? அங்க மெஷினும் கிடையாது, ரிஜிஸ்டரும் கிடையாது. போய்க் கேக்கறதுக்கு நானும் கிடையாது."

"அப்புறம் எப்படி சார்?"

"அப்புறம் என்ன. நான் எழுதத்தான் முடியும்."

எழுதினார். டீ மிச்சம் இருந்தது. குடிக்காமல் கிளம்பினார்.

பிள்ளைகள் பஸ் ஏறும்போது நானும் தம்பியும் பதினாலாம் நம்பருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். யார் யாரிடம் போனோம் என்று தெரியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா."

"எப்ப?"

"எப்பவாவது."

"ஃபோன்ல சொன்னேன்டா" என்றேன்.

"நீ சொல்லவே இல்லக்கா." கோபமே இல்லை அவன் குரலில். "சொல்லியிருந்தா சைபர்னு எழுதியிருப்பா. சந்தோஷமா எழுதியிருப்பா. அந்த ஒரு வரியாவது உண்மையா இருந்திருக்கும்."

ஓட்டைக்குள் பையன் விட்ட பென்சிலின் கரி முனை ஒடிந்து நின்றது. தம்பி அதை நகத்தால் எடுத்துப் போட்டான்.

தம்பி மனைவி மிச்ச ஜூஸ் பாக்கெட்டுகளோடு வந்தாள். "கொஞ்சம் குறைச்சு எழுதியிருக்கலாம்னு இப்பத் தோணுது அண்ணி" என்றாள், நான் கேட்காமலே. "ஆனா குறைச்சா, மிச்சத்த நாமளே எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேன்னு பயம். அதான் இருக்கறத அப்படியே எழுதினேன்."

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

"அந்தப் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு குடுங்க அண்ணி" என்று என் கையில் திணித்தாள்.

பஸ்ஸில் தராசுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். பாக்கெட்டுகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை. பஸ் பாலம் தாண்டியது.

"டீச்சர்."

"ம்."

"அழிச்ச எடத்துல என்ன எழுதட்டும்?"

தாளைப் பார்த்தேன். எவ்வளவு அழித்தும் அந்த எண் போகவில்லை. பென்சிலை அழுத்தி எழுதுகிற பிள்ளை. நூத்திருபது பள்ளமாகத் தெரிந்தது. பக்கத்தில் "ஜன்னல்" என்று எழுதி அழித்ததும் தெரிந்தது.

ஜன்னல் என்று எழுதச் சொல்லியிருக்கலாம். சிலிண்டர் என்று சொல்லியிருக்கலாம். எதைச் சொல்லியிருந்தாலும் அவள் எழுதியிருப்பாள்.

"காலியா விட்டுடும்மா" என்றேன்.

அவள் சரி என்றாள்.

பள்ளிக்கு வந்ததும் தாள்களை வாங்கி எண்ணினேன். முப்பத்தொன்பது இருந்தது. மறுபடி எண்ணினேன். தராசுடையது இல்லை. கேட்டபோது, பஸ்ஸிலேயே கொடுத்துவிட்டேன் டீச்சர் என்றாள். என்னிடம் கொடுத்தாளா? என் கையில் வாங்கினேனா? பாலம் ஞாபகம் இருக்கிறது, ஜூஸ் பாக்கெட்டின் ஈரம் ஞாபகம் இருக்கிறது. தாளை வாங்கியது ஞாபகம் இல்லை. பதினாலாம் நம்பர் என்று தலைப்பிட்டு, அழித்த எண் பள்ளமாகத் தெரிகிற அந்தத் தாள் யார் கைக்குப் போனது என்று இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அதற்குள் எல்லோருக்கும் ஆனதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாதக் கடைசியில் லைசென்ஸ் முடிந்தது. கூடத்தை மூடினார்கள். அங்கே வேலை பார்த்த ஆறு பேரில் நாலு பேர் வாய்க்கால் ஓரத்துக்குக் கோடாலி வேலைக்குப் போனார்கள். பிரிக்காமல் கிடந்த பெட்டிகளும் அவர்களோடு போயின. தம்பி புது ஃப்ரிட்ஜ் விற்கிற ஒரு கடையில் டெலிவரி வண்டி ஓட்டுகிறான். அவன் மனைவி என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். அண்ணி என்று கூப்பிடுவதில்லை, டீச்சர் என்கிறாள். ஆய்வாளர் கால் வலி என்று மேசை வேலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். நான் அடுத்த வருஷமும் நூலில் சாக்பீஸைக் கட்டி அதே வட்டத்தைப் போட்டேன்.

தராசு அந்த வருஷம் அறிவியலில் வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கினாள். என் வகுப்பில் அதற்குப் பிறகு அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.